ஆளுக்கொரு பேணி தண்ணீர்

போன கிழமை நம் மெக்கானிக் பயிற்சி வகுப்பு முடியும் நேரத்தில் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, மூண்டு லட்சம் கிலோமீற்றருக்கு மேலை ஓடின கார். எஞ்சின் சூடாகுது. திருத்திறதோ, மாத்திறதோ?" பேனா கையில் தயாராக இருந்தது. அவர் எதிர்பார்த்தது ஓர் எண். இத்தனை கிலோமீற்றருக்குக் கீழே என்றால் திருத்து, மேலே என்றால் மாற்று. அப்படி ஓர் எண் இருந்திருந்தால் எனக்கு முப்பத்திரண்டு வருடம் சம்பளம் கொடுத்திருக்கத் தேவையில்லை. ஒரு பலகையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருக்கலாம்.

எண் இல்லை. படிவம் இருக்கிறது. அரச வாகனத் திருத்துமனையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தபோது நானே வரைந்தது. சூடாகும் எஞ்சினைத் திருத்துவதா மாற்றுவதா என்று தீர்மானிக்க இருபத்திரண்டு வரிகள். அதன் போட்டோப் பிரதி இன்று உங்களில் பலருடைய கராஜ்களில் ஆணியில் தொங்குகிறது. சில இடங்களில் அதை நிரப்புகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். அது நல்ல படிவம். அந்த நல்ல படிவத்தை ஒழுங்காக நிரப்பி நான் விட்ட பிழையைச் சொல்ல வகுப்பில் நேரம் இருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்றபின் கிழமையில் மூன்று நாள் குகனின் கராஜுக்குப் போய்வருகிறேன். குகன் முன்பு எனக்குக் கீழே வேலைசெய்தவன். இப்போது நான் அவனுடைய கூரைக்குக் கீழே இருக்கிறேன். ஆகவே யாருக்குக் கீழே யார் என்ற பேச்சை இருவரும் எடுப்பதில்லை. வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் இந்தப் பக்கத்துக் கார்களுக்கு வயதுபோகும் உரிமை மறுக்கப்பட்டது. ஓய்வுபெற வேண்டிய எஞ்சின்களெல்லாம் சேவை நீடிப்பில் ஓடின. அப்படி ஓடிய ஒன்றைத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை பவானி ரீச்சர் கொண்டுவந்து நிறுத்தினார்.

பவானி எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவரல்ல. இணுவிலில் கார் ஓட்டப் பழக்குகிறார். பழகவருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள், அவர்கள் 'ரீச்சர்' என்று கூப்பிட, ஊரும் அப்படியே கூப்பிடுகிறது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கார். இடப்பக்க ஆசனத்துக்கு முன்னாலும் கிளச்சும் பிறேக்கும் பூட்டியது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றர், அதில் பெரும்பகுதி முதலாம் கியரில்.

"ஐயா, சூடு காட்டுற முள்ளு மேலை ஏறுது. முந்தி றிவேர்ஸ் பழக்கேக்கைதான் ஏறினது. இப்ப றோட்டிலையும் ஏறுது. வாற வெள்ளி ஏழு பேருக்கு லைசென்ஸ் ட்ரயல். கார் நிண்டுதெண்டால் ஏழு பேரின்ரை தவணையும் போச்சு. அடுத்த தவணை எப்ப எண்டு ஆருக்குத் தெரியும்?"

"வேறை ஒரு காரை வாங்கி ஓட்டேலாதோ அக்கா?" என்றான் குகன்.

"ஆர் தருவினம்? நான் தொடங்கேக்கை 'பொம்பிளையளின்ரை பள்ளிக்கூடம், மதிலுக்கெல்லாம் காப்புறுதி எடுங்கோ' எண்டு சிரிச்ச ஆக்களிட்டைப் போய்க் கேக்கவோ? இந்த ஏழு பேரும் கோட்டை விட்டினமெண்டால் எட்டாவது ஆள் என்னட்டை வராது, தம்பி."

குகன் பொனற்றைத் திறந்து பார்த்தான், மூடினான், தீர்ப்பு வழங்கினான்: "மாத்துவம். அரியாலையிலை ஒரு ஜப்பான் எஞ்சின் கிடக்கு. நேற்றுத்தான் பாத்தனான். நல்ல சாமான்."

ஜப்பானிலிருந்து வந்தது என்பது ஒரு முகவரி மட்டுமே. அதுவும் ஒருவர் ஓடி முடித்துக் கழற்றிய எஞ்சின்தான். நம்முடையது ஏன் களைத்தது என்று தெரியாமல் பிறத்தியாருடைய களைப்பைக் கொண்டுவந்து பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தேன்.

எட்டாம் வரி: குளிரூட்டும் நீர் குறைகிறதா? ஆம் / இல்லை.

"தண்ணி குறையுதோ ரீச்சர்?"

"இல்லை ஐயா. நாங்கள் ஒவ்வொரு நாளும் பாக்கிறனாங்கள். கூடிப்போனா ஒரு பேணி பிடிக்கும்."

ஒரு சில்வர் பேணி, ஒரு குவளை அளவு தண்ணீரை இந்த வெயிலில் எந்தக் காரும் குடிக்கும். 'இல்லை' என்பதற்கு நேரே சரி போட்டேன். இல்லை என்றால் ஒன்பது, பத்து, பதினோராம் வரிகளைத் தாண்டலாம் என்று படிவம் சொல்கிறது. தண்ணீரை அமுக்கத்தில் நிறுத்தி, எஞ்சினைச் சூட்டிலேயே வைத்து, மணிக்கணக்காகக் காத்திருந்து பார்க்கும் சோதனைகள் அந்த மூன்று வரிகளிலும்தான் இருக்கின்றன. உத்தியோகத்தர்களின் நேரத்தை மிச்சப்படுத்த அந்தச் சலுகையை எழுதிவைத்தவன் நான்.

மீதி எல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் நல்ல பிள்ளைகளாக நின்றன. தண்ணீர் கலந்தால் வரும் பால் நிறம் எண்ணெயில் இல்லை. றேடியேற்றரைக் கழற்றியபோது குற்றவாளி அகப்பட்டதாக நினைத்தேன். உள்ளே கேத்தலின் அடியில் பிடிப்பதுபோல வெள்ளைப் படிவு. பாதிக் குழாய்கள் அடைத்துப்போயிருந்தன.

"கிணத்துத் தண்ணியோ ஊத்துறனியள்?"

பவானிக்குக் கோபம் வந்தது. "எங்கடை கிணறு திறமான தண்ணி, ஐயா. அயலட்டைச் சனம் கான் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போகுது."

"மனிசர் குடிக்கத் திறம்தான். றேடியேற்றருக்குச் சுண்ணாம்பு ஆகாது."

இந்தக் குடாநாட்டில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் செய்யும் பிழை அது. கிணற்றைக் குறை சொன்னால் குலத்தைக் குறை சொன்ன மாதிரி. ஆகவே ஒருவரும் சொல்வதில்லை. றேடியேற்றரைக் கழுவி, யாரோ 'வெப்ப நாட்டுக்கு உது தேவையில்லை' என்று கழற்றி எறிந்திருந்த தேர்மோஸ்ரற்றுக்குப் புதிது பூட்டி, போத்தலில் வாங்கிய குளிரூட்டித் திரவம் விட்டு, சனிக்கிழமை பின்னேரம் காரைக் கொடுத்தோம். எஞ்சினில் பிழை இல்லை, மாற்றத் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

பவானி கடதாசியை வாங்கி வாசித்தார். பிறகு, எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஐயா, இது உங்கடை காரெண்டா இதோடை விடுவியளோ?"

"படிவத்தின்படி அப்பிடித்தான், ரீச்சர்."

அது பதில் அல்ல என்று அப்போதே எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பின்னேரம் குகனின் தொலைபேசி அடித்தது. தெல்லிப்பழைக்குப் போகும் வழியில் கார் நிற்கிறது. போய்ப் பார்த்தபோது பொனற் திறந்தபடி, உள்ளிருந்து ஆவி. வழியால் போன நான்கு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஐந்து விதமாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாரதி ஆசனத்திலிருந்து இறங்கிய றஞ்சி என்ற பெண், ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலும் மறு கையில் சில்வர் பேணியுமாக, ஊற்றுவதற்குத் தயாராக நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வெங்காயத் தோட்டக்காரி. கணவருக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்து இனி ஓட்ட முடியாது என்றாகிவிட்டதால் பழக வந்தவர். இரண்டு தரம் ட்ரயலில் தவறியவர்.

"ஊத்தாதேங்கோ!" என்று கத்தினேன். "எஞ்சின் கொதிச்சுக்கொண்டு நிக்குது. பச்சைத் தண்ணி பட்டால் வெடிச்சுப்போம்."

"நான் றேடியேற்றர் மூடியிலை கைவைக்கேல்லை ஐயா. பக்கத்துப் போத்தலுக்கைதான் விடப்போறன். ஏறமுந்தி என்ரை பேணி விட்டாச்சு. இது மேலதிகம்."

"உங்கடை பேணியோ?"

"ஓம். ஆளுக்கொரு பேணி. அது ரீச்சரின்ரை சட்டமெல்லோ."

நான் பவானியைப் பார்த்தேன். அவர் விளக்கினார். பழக வருகிற பிள்ளைகளில் அநேகம் பேர் வீட்டில் பொனற்றைத் தொட்டே அறியாதவர்கள். தமையனோ தகப்பனோ விடுவதில்லை. ட்ரயலில் பரீட்சகர் எஞ்சினைத் திறந்து கேள்வி கேட்டால் நடுங்குவார்கள். அதனால் பாடத்துக்கு ஏறுமுன் ஒவ்வொருவரும் தன் கையால் பொனற்றைத் திறந்து, றேடியேற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் சேமிப்புப் போத்தலில் ஒரு பேணி தண்ணீர் விட்டு, மூடவேண்டும். பயம் தெளியச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

"ஒரு நாளைக்கு எத்தினை பேர் ரீச்சர்?"

"ஏழு."

"ஏழு பேணியும் விட்டு, ஒரு நாளாவது போத்தல் நிரம்பி வழிஞ்சதோ?"

பவானி போத்தலை எட்டிப் பார்த்தார். குகன் வானத்தைப் பார்த்தான்.

ஒவ்வொரு நாளும் ஒன்றரை லீற்றர் அளவில் எஞ்சின் உள்ளால் குடித்துக்கொண்டிருந்தது. ஏழு பேர் முறை வைத்து ஊற்றிக்கொடுத்தார்கள். கேட்டால் ஒவ்வொருவரும் 'ஒரு பேணிதான்' என்று சத்தியம் பண்ணியிருப்பார்கள். ஏழு உண்மைகள். நாங்கள் விட்ட நல்ல குளிரூட்டியும் இரண்டு நாளில் ஆவியாகி, மறுபடியும் கிணற்றுத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் இனி விடவேண்டாம் என்று நானும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. சுண்ணாம்பு ஆகாது என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

"நான் பொய் சொல்லேல்லை, ஐயா," என்றார் பவானி.

"இல்லை ரீச்சர். நான்தான் கேக்கத் தெரியாமல் கேட்டனான்."

றஞ்சி பேணியைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி சொன்னார்: "எங்கடை லான்ட்மாஸ்ரர் உழவு மெசினுக்கு நான் ஒருத்திதான் ஊத்துறனான். அது குடிச்சா எனக்குத் தெரியும். இது பொது மாடு. ஆர் கறந்தது, ஆர் தீனி வைச்சதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

முப்பத்திரண்டு வருட அனுபவத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

செவ்வாய் காலை எஞ்சின் தலையை, சிலிண்டர்களை மூடும் மேற்பாகத்தை, கழற்றினோம். மூன்றாம் பிஸ்ரன் ஆவியில் கழுவுப்பட்டுக் கோயிற் குத்துவிளக்குப்போல மினுங்கியது. மற்ற மூன்றும் கரி. தண்ணீர் அந்த வழியால்தான் போயிருக்கிறது. சூட்டில் வாய் திறந்து, ஆறியதும் மூடிக்கொள்ளும் கசிவு. தலை வளைந்திருந்தது, சீவிச் சமப்படுத்தலாம். ஆனால் முன்னரே யாரோ ஒருமுறை சீவிய அடையாளமும் தெரிந்தது. இன்னொருமுறை சீவினால் அதுவே கடைசி. எஞ்சினின் அடிப்பாகமும் வயதுக்கேற்றபடி தேய்ந்திருந்தது.

குகன் மறுபடியும் அரியாலை எஞ்சின் கதையைத் தூக்கினான். "ரெண்டு நாளிலை பூட்டித் தாறன்."

"பூட்டுவாய். எஞ்சின் இலக்கம் மாறும். காரின்ரை பதிவுப் புத்தகத்திலை மாத்தி எடுக்க ரெண்டு நாள் காணுமோ? வெள்ளிக்கிழமை ஆரும் புத்தகத்தையும் இலக்கத்தையும் ஒத்துப் பாத்தால்?"

"பாக்கமாட்டினம், ஐயா."

"பாத்தால் ஏழு பேரும் வீட்டை."

"அப்ப தலையைச் சீவுவம்."

"சீவினால் எத்தினை நாளைக்கு நிக்கும்?"

"அதை நீங்கள்தான் சொல்லவேணும். நீங்கள் படிவம் நிரப்பி முடியமுந்தி ட்ரயல் முடிஞ்சிடும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பவானி ஒரு பழைய ரயரின்மேல் உட்கார்ந்திருந்தார். அன்று காலை மட்டும் மூன்று தாய்மார் தொலைபேசி எடுத்து, தவணை போகுமா என்று கேட்டுவிட்டார்கள். அந்த மூன்றுக்கும் 'இல்லை, கார் வரும்' என்று சொன்ன குரலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அப்போது எனக்கு ஒரு பழைய கடதாசி நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு ஜீப்பைப் பற்றி 'திருத்துவதோ மாற்றுவதோ நிர்வாகத்தின் விருப்பப்படி செய்யலாம்' என்று அறிக்கை எழுதினேன். எங்கள் பிரதம பொறியியலாளர் அதைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில்: 'விருப்பம் நிர்வாகத்திடம் ஏற்கனவே இருக்கிறது. உம்மிடம் கேட்டது அபிப்பிராயம்.' அதற்குப் பிறகு அபிப்பிராயம் எழுதப் பழகினேன். இருபது வருடம் போனபின் அபிப்பிராயத்தின் இடத்தில் படிவத்தை வைத்தேன். படிவம் பிழைத்தால் அது படிவத்தின் பிழை. வசதியான ஏற்பாடு.

பவானி எழுந்து வந்து நின்றார். "ஐயா, திரும்பவும் கேக்கிறன். உங்கடை காரெண்டா என்ன செய்வியள்?"

"வெள்ளிக்கிழமைக்கு மட்டும் திருத்துவன்," என்றேன். "தலையைச் சீவி, கசிவை அடைக்கப் புது காஸ்கற் போட்டு, வெள்ளி ட்ரயலுக்கு ஓட்டுவன். ட்ரயல் முடிஞ்ச கையோடை காரை இஞ்சை கொண்டுவந்து இந்த எஞ்சினை இறக்குவன். அதுக்குப் பிறகு உதிலை ஒரு பாடமும் இல்லை. மாத்திற எஞ்சினை நானே பாத்து எடுப்பன். புத்தகமும் ஒழுங்காய் மாத்துவம்."

"ரெண்டு தரம் எஞ்சினைப் பிரிக்கவேணுமே?"

"ஓம். முதல் தரம் சரியாய்க் கேட்டிருந்தால் ஒருதரம் போதும். அது என்ரை கணக்கு."

"வெள்ளிக்கிடையிலை நிண்டுதெண்டால்?"

"நிக்காது எண்டு நினைக்கிறன். நிண்டால் நான் சொன்னது பிழை. படிவத்தின்ரை பிழை இல்லை."

"சரி, சீவுங்கோ," என்றார் பவானி.

வியாழன் காலை கார் ஓடியது. எஞ்சின் ஆறியதும் சேமிப்புப் போத்தலில் திரவத்தின் மட்டத்துக்கு நேரே ஒரு கோடு வேண்டும் என்றேன். பழகும் பிள்ளை ஒருத்தி கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சு எடுத்துக் கோடு இழுத்தாள். பேணி தடை. திறக்கலாம், பார்க்கலாம், ஒருவரும் ஊற்றக்கூடாது. இது பெரிய கிளர்ச்சியை உண்டாக்கியது.

"அப்ப பாத்து என்னத்துக்கு?" என்றார் றஞ்சி. "குறைஞ்சா ஊத்தத்தானே பாக்கிறது?"

"குறைஞ்சா ஊத்தமுந்தி, ஏன் குறைஞ்சதெண்டு கேக்கிறதுக்கு."

"உதை முந்தியே சொல்லியிருக்கலாமே, ஐயா."

சொல்லியிருக்கலாம்தான்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். அப்படிப் போகவேண்டும் என்று எந்த நடைமுறையும் சொல்லவில்லை. மைதானத்து ஓரத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழே நின்றுகொண்டு, ஒவ்வொருவரும் முடித்து இறங்கும்போது பவானியைப் பார்ப்பேன். அவர் கையைத் தட்டையாகப் பிடித்துக் காட்டுவார்: முள் நடுவில். ஆறு பேர் ஓடினார்கள். மிக நன்றாக ஓட்டுவான் என்று நாங்கள் நம்பிய பல்கலைக்கழக மாணவன் றிவேர்ஸில் கம்பத்தைச் சாய்த்துவிட்டான். மற்ற ஐந்து பேரும் தேறினார்கள்.

கடைசியாக றஞ்சி. ஓடி முடித்து, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினார். பரீட்சகர் பொனற்றைத் திறக்கச் சொன்னார். மரத்தடிக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. றஞ்சியின் குரல் தோட்டத்தின் அந்த வரம்புக்குக் கேட்கப் பழகிய குரல்.

"இதிலை தண்ணி குறைஞ்சிருந்தால் என்ன செய்வியள், அம்மா?"

"ஊத்தமாட்டன்."

பரீட்சகர் பேனாவை நிறுத்தினார். "ஊத்தமாட்டியளோ?"

"ஏன் குறைஞ்சதெண்டு கேப்பன். எத்தினை பேர் ஊத்தினவையெண்டும் கேப்பன். பிறகுதான் ஊத்துவன்."

"புத்தகத்திலை அப்பிடி இல்லையே?"

"புத்தகத்திலை இல்லை. உந்தா, வேப்பமரத்துக்குக் கீழை நிக்கிறாரே, அவருக்கும் போன கிழமைமட்டும் தெரியாது."

பரீட்சகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். றஞ்சி தேறினார்.

இனித்தான் உண்மையில் கடினமான இடம். நீங்கள் பழகவேண்டியதும் இதுதான். காய்ச்சல் அடிக்கும் எஞ்சினை மாற்று என்று யாரும் சொல்லலாம். அன்று அந்தக் கார் வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றும் ஓடியும் முள் அசையவில்லை. கராஜுக்குத் திரும்பி வரும்போது குகனே சொன்னான்: "ஐயா, சும்மா சொல்லக்கூடாது, கிளி மாதிரி ஓடுது. விடுவம். மாரி கழியப் பாப்பம்." பின் ஆசனத்தில் இருந்த பிள்ளைகளும் 'ஓம் ஓம்' என்றார்கள். திங்கட்கிழமை புதிதாக நான்கு பேர் பழக வரப்போகிறார்கள். ஒரு கிழமை கார் இல்லாவிட்டால் அவர்கள் வேறு இடத்துக்குப் போவார்கள். எனக்கும் ஒரு கணம் நாக்கு நுனியில் 'பார்ப்போம்' என்ற சொல் வந்து நின்றது.

பவானி கராஜ் வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை ஆறவிட்டு, தானே பொனற்றைத் திறந்து குனிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

திரவம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை.

"ஒருத்தரும் ஊத்தேல்லை, ஐயா," என்றார். "நான் காவல் இருந்தனான்."

கார்த் திறப்பைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, பஸ் எடுக்க றோட்டுக்கு நடந்தார்.

வகுப்பில் கேட்ட தம்பிக்கு: படிவத்தில் எட்டாம் வரியை மாற்றியிருக்கிறேன். 'தண்ணீர் ஊற்றுபவர்கள் எத்தனை பேர்?' என்று இருக்கும். அதில் ஓர் எண் வரும், நீங்கள் கேட்டதுபோல. தாண்டிப் போகும் சலுகையை எடுத்துவிட்டேன். கடைசி வரியும் புதிது. 'இது உங்களுடைய காராக இருந்தால்?' என்று கேட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. குகன் அந்த வரியைப் பெரும்பாலும் வெறுமையாக விடுகிறான். நான் அதைத் திருப்பி அனுப்புகிறேன், சிவப்பு மையில்.